நன்றாக இழுத்த பம்ப்

அவளை எல்லோரும் டெஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டு நீச்சல்குளத்தில் பம்ப், ஃபில்டர், குழாய் என்று எது மக்கர் செய்தாலும் அவளுக்குத்தான் போன் போகும். வந்தவுடன் எதையும் தொடமாட்டாள். சட்டைப்பையிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்து மோட்டாரின் உடம்பு, ஏணியின் கைப்பிடி, சமயத்தில் ஈரமான சுவர்கூட விடாமல் வைத்துப் பார்ப்பாள். விளக்கு எரியாவிட்டால் டெஸ்டரே செத்துப் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிடும். நல்ல பிளக் ஒன்றில் சொருகிப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வருவாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் இப்படித்தான் பார்த்தாயா என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அப்போ இது கையில இல்லாமப் போச்சு சார்" என்றாளாம்.

பயம் அவளுக்குக் கூடப் பிறந்தது. நீச்சல் தெரியாது. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் மூச்சு முட்டும். அப்படிப்பட்டவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு உதிரிபாகக் கடை. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பம்ப் ஓடுது, தண்ணி வரல. தண்ணி வருது, கூடவே காத்தும் வருது. ஃபில்டர் மீட்டர்ல முள்ளு ஏறவே மாட்டேங்குது என்று வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் புலம்புவார்கள். கேட்டுக் கேட்டு, எந்தப் புலம்பலுக்கு எந்தச் சாமான் என்று மனப்பாடமாகிவிட்டது. முதலாளி கடையை மூடிவிட்டுப் போன பிறகும் ஆட்கள் அவள் போனுக்கே கூப்பிட்டார்கள். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தாள். அன்றிலிருந்து இதுதான் தொழில். ஸ்கூல் வேன் ஓட்டும் கணவன், இந்தப் பயத்தோடு இந்த வேலை எதற்கு என்று பலமுறை கேட்டுவிட்டான். பயப்படுவதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பாள்.

அன்று காலை அவளைக் கூப்பிட்டது ஒரு பல் டாக்டரம்மா. அவருடைய வீட்டில் குளத்தை ஒட்டி, நாலைந்து பேர் வட்டமாக உட்காரக்கூடிய ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. சுவரில் உள்ள துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து உடம்பைப் பிடித்துவிடும். டாக்டரின் மாமியாருக்கு முழங்கால் வலி. பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மத்தியானம் அதில் உட்கார்ந்து எழுந்தால்தான் அவரால் மாடிப்படி ஏற முடியும். சில வாரங்களாகத் தண்ணீரில் வேகமே இல்லை, கொப்புளம் கொப்புளமாகக் காற்றுதான் வருகிறது என்றார் டாக்டர். சொல்லிவிட்டு கிளினிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பின்சந்து வழியாகப் பம்ப் அறைக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. டெஸ்டர் அக்கா அங்கே உட்கார்ந்து, பம்ப் ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பின் மேலும் குவளையால் தண்ணீர் ஊற்றினாள். பம்ப் மூடியின் விளிம்பில் ஊற்றியதும் உள்ளே கொப்புளம் நின்றது. காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது என்று தெரிந்துவிட்டது. பம்பை நிறுத்தி மூடியைத் திறந்தாள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே இருந்த வடிகூடையில் இலை, தலைமுடி, அழுக்குப் படிந்து வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. பூந்தொட்டியின் விளிம்பு உடைந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். குப்பைக்கூடை பக்கத்தில் இல்லாததால் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். புது வளையம் போட்டு, கிரீஸ் தடவி மூடி, வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினாள். பம்பின் சத்தம் கனத்தது. மீட்டர் முள் சட்டென்று ஏறியது. தொட்டியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு சுழன்றது.

மாமியார் வந்து பார்த்துவிட்டு, புதுசாக வாங்கின நாளில்கூட இவ்வளவு வேகம் இல்லை என்றார். டெஸ்டர் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த வேலை ஊரின் இன்னொரு கோடியில். அங்கே போய் வழக்கம்போல டெஸ்டரை எடுக்கப் பையில் கைவிட்டாள். அந்தப் பிளாஸ்டிக் துண்டும் கூடவே வந்தது. காய்ந்து, துணியில் உரசி, அழுக்கு உதிர்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் சீப்புப் பல்போல வரிசையாகக் கீறல்கள். இன்னொரு ஓரத்தில் பாதியாக உடைந்த திருகாணித் துளை.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது பூந்தொட்டி இல்லை. வெந்நீர்த் தொட்டியின் அடியில், தண்ணீரை உறிஞ்சும் துவாரத்தின் மேல் திருகி வைக்கும் சல்லடை மூடி. அது எப்போதோ உடைந்து குழாய்க்குள் போயிருக்கிறது. துவாரம் இத்தனை நாளும் திறந்தே கிடந்திருக்கிறது. பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு நொண்டியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நொண்டலைத்தான் அவள் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது யாராவது அந்தத் துவாரத்தின் மேல் உட்கார்ந்தால் பம்ப் விடாது. காலையில் நுரை மூடியிருந்ததால் அவள் தரையைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. கிளினிக்குப் போட்டாள். எடுத்த பெண், டாக்டர் ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார் என்றாள். தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது என்று உடனே சொல்லும்படி இரண்டு தடவை சொன்னாள். சரி என்றது அந்தக் குரல். அது அவசரப்பட்ட குரலாகத் தெரியவில்லை. கருவிப்பையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியெல்லாம் மத்தியான இடைவேளைக்குப் பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். முன்னால் நின்ற பஸ் நகரவே இல்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. மத்தியானம் என்று டாக்டர் சொன்னாரே, எந்த நேரத்தை மத்தியானம் என்பார்கள் இவர்கள் வீட்டில்? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? தூங்கி எழுந்து இறங்குவாராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முன் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. சந்துக்கு ஓடினாள். தூரத்திலேயே பம்பின் சத்தம் கேட்டது. கனமான, சீரான சத்தம். காலையில் அவள் பெருமைப்பட்ட அதே சத்தம். அதற்கு அடியில் வேறொன்றும் கேட்டது. முதலில் பூனை என்று நினைத்தாள்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு பம்ப் அறையைத் தாண்டி ஓடினாள். மாமியார் தொட்டியின் அடியில் உட்கார்ந்த நிலையில் இருந்தார். தண்ணீர் முகவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் தொட்டியின் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றி வெளுத்திருந்தன. கழுத்துக்கும் வெந்நீர் படட்டும் என்று படியிலிருந்து கீழே சறுக்கி உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்ததும் இடுப்பைத் துவாரம் பிடித்துக்கொண்டது.

"கத்திப் பார்த்துட்டேன்மா," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "கை விட்டுப் போகுது."

டெஸ்டர் அக்கா செருப்போடு தொட்டிக்குள் இறங்கினாள். அவர் அக்குள்களில் கைகொடுத்து இழுத்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அவர் வலியில் வாய் திறந்தபோது தண்ணீர் உள்ளே போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் மல்லுக்கட்டுவது பம்போடு என்று. இழுக்க இழுக்கச் சதைதான் கிழியும்.

"கம்பிய விடாதீங்கம்மா. நான் போய் நிறுத்திட்டு வந்துடறேன். வந்துடுவேன்."

"போகாதே" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. போனாள். ஈரக்கையோடு, டெஸ்டர் வைக்காமல், மெயின் சுவிட்சைக் கீழே தட்டினாள். அவள் ஆயுசில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. சத்தம் இறங்கி நின்றது. அந்த மௌனத்தில் தொட்டிப் பக்கமிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பி ஓடிய அந்தச் சில எட்டுகளில் அவள் செத்துப் பிழைத்தாள்.

மாமியார் கம்பியில் தொங்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். துவாரத்தின் பிடி விட்டிருந்தது. மேலே ஏற்றி, துண்டு போர்த்தி, இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஒரு ஹால் முழுக்கக் கேட்ட குரல் தன்னுடையது, இன்று இந்த மோட்டாரைத் தாண்டவில்லையே என்று அவர் முனகினார். இடுப்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருநீலமாக ஒரு வட்டம்.

டாக்டர் வந்தபோது டெஸ்டர் அக்கா எதையும் மறைக்கவில்லை. துண்டு கூடையில் கிடைத்தது, அதைப் பார்க்காமல் பையில் போட்டது, தரையைப் பார்க்காதது எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கோபத்தில் வெளியே போகச் சொன்னார். சுவிட்சை யாரும் போடாதபடி டேப் சுற்றி ஒட்டிவிட்டுத்தான் போனாள்.

அன்று வீட்டில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடக்கூட அவளால் முடியவில்லை. கணவன்தான் போட்டான். பல நாள் எந்த வேலைக்கும் போகவில்லை. தூக்கத்தில் பம்பின் சத்தம் கேட்டது.

அவளைத் திரும்பக் கூப்பிட்டது மாமியார்தான். தன்னை யாரும் காப்பாற்ற வரவில்லை, இவள் வந்தாள், அதனால் இவள்தான் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டாராம். டெஸ்டர் அக்கா போனாள். தொட்டியைக் காலிசெய்து, கொத்தனாரை வைத்து, அடியில் தள்ளித் தள்ளி இரண்டு துவாரங்கள் எடுத்து ஒரே குழாயில் சேர்த்தாள். ஒன்றை அடைத்தால் பம்ப் மற்றதிலிருந்து இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் குமிழ்போல மேடான மூடி. தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு பட்டன்.

ஒப்படைக்கும் அன்று கணவனையும் கூட்டிக்கொண்டு வந்து சுவிட்சுப் பக்கத்தில் நிற்கவைத்தாள். கையை எடுக்கக் கூடாது, போன் வந்தாலும் எடுக்கக் கூடாது என்றாள்.

"எதுக்கு? பட்டன்தான் இருக்குல்ல?"

"பட்டன் வேலை செய்யலன்னா?"

பிறகு அவளே தொட்டிக்குள் இறங்கினாள். மாமியாரும் மருமகளும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இடுப்பைத் தாண்டி ஏறியபோது பல் கிட்டியது. தலையசைத்தாள். பம்ப் ஓடியது. ஒரு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தண்ணீர் விரல்களுக்கிடையே ஓடியது. கை பிடிபடவில்லை. மற்றதன் மேல் வைத்தாள். கை தானாக வந்தது. பட்டனை அழுத்தினாள். பம்ப் நின்றது.

மாமியார் கையை நீட்டி, "போதும்மா, மேல வா," என்றார்.

"இருங்கம்மா," என்றாள் டெஸ்டர் அக்கா. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூடியின் பக்கம் நகர்ந்தாள். "மூடி மேல உட்காந்தும் பாத்துடறேன். என்னங்க, மறுபடி போடுங்க."