எட்வின் படித்துக் காட்டிய பக்கம்

டோல்கேட் சிக்னலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்து மாட்டிக்கொண்டு நின்றபோது எட்வினின் தங்கை பிரிசில்லா போன் செய்தாள். காலையில் டீ குடித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றாள். மாரடைப்பு. நாற்பதைத் தொடுகிற வயதில் போய்விட்டான். “அண்ணன் போயிட்டாண்ணே” என்று அவள் அழுதபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது, “என்ன கேட்டுக்கிட்டிருந்தான்?” என்ற கேள்வி. ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் இப்படிக் கேட்டால் வேறு யாராவது போனை வைத்திருப்பார்கள். பிரிசில்லா, “தெரியலண்ணே, யாரோ கழட்டி வெச்சுட்டாங்க” என்றாள். அன்றைக்கு வந்த நண்பர்கள் முக்கால்வாசிப் பேர் அவளிடம் இதையேதான் கேட்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு எட்வினை அவன் எழுத்தின் வழியாகத்தான் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தமிழ் மாத இதழில் ‘மொட்டை மாடி’ என்று ஒரு பக்கம் வரும். கம்பெனி கேசட்டும் மேடையும் இல்லாமல் கேரம் கிளப்பிலும் மொட்டை மாடியிலும் தமிழில் ராப் பாடிக்கொண்டிருந்தவர்களைப் பற்றிய பக்கம். அப்படி ஒரு கூட்டம் வடசென்னையில் இருக்கிறது என்பதே பலருக்கு அவன் எழுதித்தான் தெரிந்தது. அதே இதழில் நான் புகைப்படம் எடுத்தவன். இந்தக் கட்டுரையை ‘அவர்’ போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ‘மாமு’ என்று கூப்பிட்ட ஆளுக்கு மரியாதை ஒட்டமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டேன்.

நான் வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்தவன். அவன் ராயபுரத்தில் கயிறும் வலைச் சாமானும் விற்ற தூத்துக்குடிக்காரர் மகன். கடைக்குள்ளே தகப்பனாரோடு தெற்கத்தித் தமிழ் பேசுவான். படி இறங்கினால் எங்களோடு ‘இன்னா மாமு’. கடைக்குக் கயிறு வாங்க வரும் கப்பல்காரர்களிடம் வெளிநாட்டு ராப் கேசட்டுகளைக் கெஞ்சி வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்பான். ஒருநாள் அவன் அப்பா, “எலே, இவன் பாடுதானா, சண்டை போடுதானா?” என்று கேட்டாராம். “ரெண்டும்தாம்பா” என்றானாம். தன் எழுத்து வேலை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் என்று எட்வின் எங்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அவன் கேள்வி கேட்பதைப் பார்க்க வேண்டும். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லவே மாட்டான். “நல்லா கீதுன்னு சொல்றதுக்கு எதுக்கு மாமு ஒரு பத்திரிகை? டீக்கடையில சொல்லிட்டுப் போயிடலாமே” என்பான். மூச்சை எங்கே விட்டாய், இந்த வரியை யாரைப் பார்த்துச் சொல்கிறாய், உன் தெருவில் இதைப் பாடினால் யார் முதலில் கதவைச் சாத்துவார்கள் என்று குடைவான். பாடுகிறவன் பேஜாராகிப் போய்விடுவான். ஆனால் அடுத்த வாரம் அவனே இவனைத் தேடி வருவான். அவ்வளவு அக்கறையாக யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

எட்வினிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதுதான் பத்திரிகை ஆபீசில் யாருக்கும் பிடிக்காது. எழுதி முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு, யாரைப் பற்றி எழுதினானோ அவரிடமே போய் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுவான். அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். காசிமேட்டு கேரம் கிளப்பில் ஒரு கோஷ்டிக்கு இப்படிப் படித்தபோது நான் கூட இருந்தேன். ‘இரண்டாவது பாட்டு இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கிறது’ என்ற இடம் வந்ததும் ஒருவன் எழுந்து சட்டையைப் பிடித்துவிட்டான். எட்வின் அசையவில்லை. “உன் பாட்டைப் பத்தி நான் சொல்றது என்னோடது. அத்த எடுக்கமாட்டேன். உன் வூட்டைப் பத்தி எழுதினது உன்னோடது. எதைச் சொன்னாலும் எடுத்துடுறேன்” என்றான். சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்தான். “எங்கப்பா குடிக்கிறாருன்னு போட்டுகீற. அத்த மட்டும் எடுத்துடு” என்றான். எட்வின் அங்கேயே பேனாவால் அடித்தான். தொளதொள சட்டை அப்படியே அச்சில் வந்தது.

இந்த வழக்கம் அவனுக்கே வினையாக வந்தது ஒரு கேசட்டால்.

கையிலிருந்து கை மாறி, பதிவின் மேல் பதிவாகத் தேய்ந்து வந்த கேசட் அது. பேர் கிடையாது. உள்ளே ஒரு கரகரப்பான இளம் குரல், பின்னணி இசை எதுவும் இல்லாமல், ஒரு கம்பெனியைப் பற்றி மூச்சு விடாமல் பாடியது. கழிவறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்க்கும் சூப்பர்வைசரை அவர் பெயரைச் சொல்லியே கிழித்தது. கேட்டவர்கள் எல்லோரும் மெர்சலாகிவிட்டோம். எட்வின் அந்த மாதப் பக்கத்தில், ‘பெயர் தெரியாத இந்தப் பையனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினான். நாடகத்தில் திரை விலகக் காத்திருப்பது போல வாசகர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்.

முகவரி இல்லாத கேசட்டை எங்கே போய்த் தேடுவது? எட்வின் பாட்டை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் பின்னால் கேட்பதைக் கேட்டான். தூரத்தில் சரக்கு ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம். அதனால் முதலில் பேசின் பிரிட்ஜ் பக்கம் அலைந்தோம். பிறகு ஓர் ஆலைச் சங்கு ஊதும் சத்தம் கேட்கிறது என்று திருவொற்றியூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். பாட்டின் நடுவில் ஒரு பெண், “கஸ்தூரி, லாரி வந்துட்ச்சு” என்று கத்துவாள். பிளாஸ்டிக் குடங்கள் உருளும். குரல் நின்று, மறுபடி விட்ட இடத்திலிருந்து பிடிக்கும். “பைப்புத் தண்ணி வராத இடம். லாரித் தண்ணி. எர்ணாவூர் புது வீடுங்களா இருக்கும்” என்றான் எட்வின். எனக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தாலும் கூடவே போனேன். அவன் தேடுகிறபோது யாராலும் பாதியில் கழன்றுகொள்ள முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில், மறுகுடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்கு வீடுகளுக்கு முன்னால், குடத்தோடு வந்த ஓர் அம்மாவை நிறுத்தி எட்வின் கேட்டான். “இங்க கஸ்தூரின்னு ஒரு பொண்ணு இருக்கா? அவ தம்பி, இல்ல அண்ணன், ராப் பாடுவானே?”

அந்த அம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “கஸ்தூரிக்கு ஏது நைனா தம்பி? ரெண்டு தங்கச்சிங்கதான் கீது. பாட்றது கஸ்தூரியேதான்.”

ரயில் சத்தத்தைக் கேட்டோம், சங்கைக் கேட்டோம், குடம் உருளுவதைக்கூடக் கேட்டோம். ராப் என்றால் பையன்தான் பாடுவான் என்று எங்கள் காது முன்னமே முடிவு கட்டியிருந்தது. எட்வின் மாடிப்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்கு, புதையல் கிடைத்த சந்தோஷம்.

கஸ்தூரி அப்போது ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலையில் இருந்தார். அப்பா இல்லை. இரண்டு தங்கைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். எட்வின் அவரை விடாமல் கேட்டான், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. “பக்கத்து வூட்ல இங்கிலீசு கேசட் போடுவாங்க சார். அது இன்னா சொல்லுதுன்னு தெர்ல. திட்றாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. மூச்சு வுடாம திட்றாங்க. மெஷின்ல உக்காந்தா நம்ம வாய்ல வரதும் அப்படித்தான். மெஷின் ஓடச்சொல்ல யாருக்கும் கேக்காது, நான் பாட்டுக்குப் பாடிகினு இருப்பேன்” என்றார். தையல் மெஷின் எந்த வேகத்தில் ஓடும், நூல் அறுந்தால் வரியும் அறுந்துவிடுமா என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். அவர் தொடையில் தட்டிப் பாடிக் காட்டினார். நான் ஒரு ரோல் முழுக்கப் படம் எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு எட்வின் தாளோடு போய்ப் படித்தான். நான் கேட்டவரையில் அவன் எழுதியதில் அதுதான் உச்சம். கஸ்தூரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். முடிந்ததும், “பேரை எடுத்துடு சார்” என்றார். எடுத்தான். “எர்ணாவூரு வோணாம்.” எடுத்தான். தையல், தங்கைகள், அப்பா இல்லாதது, தண்ணீர் லாரி எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. சூப்பர்வைசர் பெயர் பாட்டில் இருக்கிறது. பாடியது யார் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அந்த வேலையில்தான் மூன்று பேர் சாப்பிட்டார்கள். கடைசியாக, “போன மாசம் பையன்னு எய்தினே இல்ல? அத்தயே எய்து. பொண்ணுன்னு போட்டா கம்பெனில ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவாங்க” என்றார்.

அதை எடுத்தால் கட்டுரையில் என்ன மிச்சம்? எட்வின் அந்த வரியையும் பேனாவால் அடித்தான். பிறகு, “பொண்ணுன்னு போடமாட்டேன். பையன்னு இனிமே தெரிஞ்சே எழுதவும் மாட்டேன். குரல்னு எழுதுறேன், போதுமா?” என்றான். அவர் தலையை ஆட்டினார்.

ஆசிரியர் கெட்டவரில்லை. படத்தோடு கொடுத்தால் அட்டைப்படக் கட்டுரை, படம் தராவிட்டால் வாசகரை ஏமாற்றியதாக ஆகும் என்றார். பத்திரிகை நடத்துகிறவர் அப்படித்தான் சொல்வார். எட்வின், “ஆளைப் பார்த்தேன். காட்டமாட்டேன்” என்றான். வெறும் குரலைப் பற்றிய அந்தக் கட்டுரை ஓர் ஓரமாக வந்தது. அதற்கடுத்த இதழில் ‘மொட்டை மாடி’ இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எட்வின் ஆளே இல்லாமல் கதை கட்டிவிட்டான் என்ற பேச்சு கிளம்பியது. பிற்பாடு அவன் எழுதிய பத்திரிகைகளிலும் அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது இணையத்தில் எழுதுகிற தம்பிகள்கூட, ‘எட்வினின் எர்ணாவூர்ப் பேய்’ என்று கிண்டல் செய்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர் எப்படி வெளியே போனது என்று தெரியவில்லை. நாங்கள் அங்கே அலைந்ததை யாராவது பார்த்திருக்கலாம். இசையைப் பற்றி எழுதுகிறவனுக்குக் காதும் வாக்கும்தான் சொத்து. இரண்டையும் சந்தேகித்தார்கள். ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், “படத்தை எடுத்து வீசட்டுமா மாமு?” என்று கேட்டேன். “வீசினா நான் ஜெயிப்பேன். அந்தப் பொண்ணு தோக்கும். வுடு” என்றான். அப்புறம் வேறு ஏதோ கேசட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு அன்று அவன் மேல் வந்த கோபம் இன்றும் முழுசாக இறங்கவில்லை.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து மண் போடுகிறபோது கூட்டத்தில் கஸ்தூரி நின்றிருந்தார். அவர் அந்தக் கம்பெனியை விட்டு வருஷங்கள் ஆகின்றனவாம், தங்கைகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறார். எட்வினுக்கு வந்த கெட்ட பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சார்” என்று இறந்தவனிடமே கேட்பதுபோலக் குழியைப் பார்த்துக் கேட்டார். பிறகு போய்விட்டார்.

எட்வினின் கேசட்டுகள் பிரிசில்லாவிடம் இருக்கின்றன. அவை அவளுடையவை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: எழுதியதை, எழுதப்பட்டவர் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டுவது. அவனுக்கு இனிப் படித்துக் காட்ட முடியாது. ஆகவே நீங்கள் இதுவரை படித்ததை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு எர்ணாவூர் போனேன். இதை அச்சுக்குக் கொடுத்தால் எட்வின் பொய்யனில்லை என்று தெரியும். வேண்டாம் என்று அவர் சொன்னால் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கஸ்தூரி மெஷினை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிரிசில்லா போன் செய்ததிலிருந்து வரிசையாகப் படித்தேன். கேசட்டில் ஒரு பெண் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தது. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லலாமா என்று தெரியாமல் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இன்னாத்துக்கு நிறுத்திட்ட? எட்வின் சாரு நடுவுல நிறுத்தமாட்டாரு” என்றார் கஸ்தூரி. “எம்பேரை நல்லா சத்தமா படிண்ணா.”