உதட்டில் சொன்ன பொய்

என் மகள் சொன்னதை என் கணவரிடம் மாற்றிச் சொன்னேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று தெரிந்தே சொன்னேன். இதுதான் என் குற்றம். இனி நீங்கள் என்னை எப்படித் திட்டினாலும் தகும்.

நாங்கள் இருவரும் திருத்தங்கலில் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் மிஷின் ஓட்டினார். எனக்குக் காலண்டர் பைண்டிங். மிஷின் ஓடும்போது அங்கே யாரும் கத்திப் பேசுவதில்லை. சத்தமில்லாமல் வாயை அசைத்தால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். எங்கள் குடும்பப் பேச்சில் பாதி அப்படித்தான் நடந்தது.

அந்த இரைச்சலே அவர் காதைத் தின்றுவிட்டது. விருதுநகரில் காது கேட்கும் கருவி வாங்கி மாட்டினோம். கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும், சொல்லைப் பிரித்தெடுக்கக் காது மறுபடி பழக வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொல்லி, போனில் ஒரு பயிற்சியை ஏற்றிக் கொடுத்தார். சந்தை இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் பேசும். அது என்ன சொன்னது என்று திரையில் தொட வேண்டும். பழகிய குரலாக இருந்தால் நல்லதாம். அதனால் எங்கள் மகள் மாரிச்செல்வி, கல்யாணத்துக்கு முன்பே, தன் குரலில் பதிந்து கொடுத்தாள். "பஸ்ஸு வந்துருச்சுப்பா", "சாப்பிட்டீகளா?"...

உதவிக்கு இருப்பவர் பின்னால் உட்கார வேண்டும் என்றார்கள். நான் எதிரில் உட்கார்ந்தேன். தப்பாகத் தொட்டு அவர் முகம் வாடும்போது மனசு தாங்காது. விடையை வாயசைத்துக் காட்டிவிடுவேன். இரக்கம்தான்... இரக்கம் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறேனே!

மாப்பிள்ளை, ஆலங்குளத்தில் இருக்கும் என் அண்ணன் மகன். அந்தச் சம்பந்தத்தில் என் கணவருக்கு விருப்பமே இல்லை. ஒற்றைக் காலில் நின்று முடித்தவள் நான். "ஒம் மக எனக்கும் மகதான்" என்று பெண் கேட்ட அண்ணன், அவள் புருஷனிடம் அடிவாங்கும்போது முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தானாம்! கூடப்பிறந்தவனே என் கழுத்தை அறுத்தான். நானோ அதை யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்தேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அந்த வீட்டாருக்குத் தெரியாமல் அவள் போனில் கூப்பிட்டாள்.

"ஸ்பீக்கர்ல போடும்மா. அப்பாகிட்டயே கேக்கணும்."

போட்டேன்.

"அப்பா, அவரு தெனமும் அடிக்காருப்பா. நான் அங்கன வந்துரட்டுமா?"

அவர் கருவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

'வேலை இருக்கு, தீபாவளிக்கு வரல' என்று நான் வாயசைத்தேன்.

"அதுக்கென்ன தாயி! வர வேணாம். அதான உன் வீடு, அங்கனயே சந்தோசமா இரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏன் செய்தேன்? "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார் என்ற பயம்... அந்த ஒரு வார்த்தைக்காகவா பெற்ற மகளை அங்கேயே விட்டேன்?

கொஞ்ச நாளில் அவளாகவே அந்த வீட்டை விட்டுக் கிளம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் சேர்ந்துவிட்டாள். எங்களிடம் வரவில்லை. "அவன் அடிச்சதக்கூட மறந்துருவேம்மா. அப்பா சிரிச்சாகளே, அத மறக்க முடியாது" என்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். என்னிடம் பேசுகிறாள். அவரிடம் பேசுவதில்லை. துரோகம் செய்தவளுக்குப் பாசம், ஒன்றும் அறியாதவருக்குத் தண்டனை!

வேலைக்காகப் போயிருக்கிறாள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தன்னோடு பேசினால் கத்த வேண்டியிருக்கும், அதனால்தான் மகள் பேசுவதில்லை என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். தினமும் காலையில் தனியாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் குரலிலேயே பயிற்சி செய்கிறார். இப்போது ஒன்றுகூடத் தப்புவதில்லை.

"லச்சுமி, மக பேசுறது நல்லா வெளங்குது. ஒரு போன் போட்டுக் குடேன்."

கணவருக்குக் காது கேட்கிறதே என்று நடுங்குகிறவளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

நேற்று அவள் கூப்பிட்டாள். அடுத்த அறையிலிருந்து அவர், "யாரு, மகளா?" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டுவிட்டது! "இல்லங்க, போன் கம்பெனில இருந்து" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்னம்மா ஆயிருப்பேன்?" என்றாள்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.