கண்ணாடி ஏற்றும் வண்டிக்கு வந்த புகை வியாதி

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி வியாபாரம். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் வேண்டியதைக் கடையில் அளந்து அறுத்து, தம் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பார். வண்டியின் பின்னால் சாய்வாக ஒரு மரச்சட்டம், அதைச் சுற்றிக் கம்பளித் துணி. இத்தனை வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட வழியில் கீறல் கண்டதில்லை. எறும்பு ஊர்வதுபோல ஓட்டுவார். சைக்கிள்காரர்கள்கூட மணியடித்துவிட்டு முந்திப் போவார்கள். "அவங்களுக்கு என்ன அவசரமோ, போகட்டும்" என்பார். மனுஷரையும் அதட்டமாட்டார், வண்டியையும் அதட்டமாட்டார்.

போன வருஷம் அந்த வண்டிக்குப் புகை வியாதி வந்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். மேடு ஏறினால் இருமும். பின்னால் கரும்புகை. மெக்கானிக் வேறு யாருமில்லை, என் தம்பிதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்ப ஒரு வால்வு உண்டாம். கழற்றிக் காட்டினான். உள்ளே கரி அப்பிக் கிடந்தது. சுரண்டிக் கழுவி மாட்டினான், விளக்கு அணைந்தது. கொஞ்ச நாளில் மறுபடி எரிந்தது. வால்வையே புதுசாக மாற்றினான். அதுவும் அதே கதைதான். பிறகு சென்சாரை மாற்றினான், குழாயைப் பார்த்தான், வயரைப் பார்த்தான்.

"மாப்ளே, என் வண்டியை வச்சுத்தான் நீ தொழில் கத்துக்கிறியா?" என்று இவர் சிரித்தார்.

"டீசல் எங்க போடுறீங்க மாமா? எதையாவது கலக்குறானோ என்னவோ."

"நீ போடுற அதே பங்க்லதான்."

அதற்குள் புகைச் சோதனைக்கு நாள் நெருங்கிவிட்டது. அதில் தேறாவிட்டால் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. வாடகை வண்டிக்காரர்களோ கண்ணாடி என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கடையை மூடிவிட்டு இன்னொருவரிடம் வேலைக்குப் போய்விடட்டுமா என்று இவர் கேட்ட அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை. கடவுளிடம்தான் முறையிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து இவர் காய்ச்சலில் படுத்தார். பக்கத்து ஊரிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை ஏற்றி வரத் தம்பி வண்டியை எடுத்துப் போனான். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது, "அக்கா, அதிசயம் கேளு. விளக்கு தானா அணைஞ்சுபோச்சு. நான் ஒண்ணுமே தொடலை" என்றான்.

"எப்படிடா ஓட்டினே?"

தலையைச் சொறிந்தான். "மாமாகிட்ட சொல்லிடாதே. நல்லா மிதிச்சுத்தான்." சொல்லிவிட்டு அப்படியே நின்றான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "இன்ஜின் சூடாகி வேகமா ஓடினாத்தானே கரி எரிஞ்சு வெளியே போகும். மாமா ஊர்கோலம் போற மாதிரி ஓட்டினா உள்ளேயேதான் உக்காந்துக்கும். இது தெரியாம பார்ட்ஸா மாத்திக்கிட்டு இருந்திருக்கேன் பாரு."

இவரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "பதனமா ஓட்டினதாலயா கெட்டுச்சு?" என்றார்.

"கண்ணாடி இருக்கும்போது பதனமாவே ஓட்டுங்க. இல்லாதப்போ கொஞ்சம் மிதிங்க" என்றேன்.

காய்ச்சல் விட்டு எழுந்து சில நாள் வியாபாரத்துக்குப் போனார். விளக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவருக்கும் சந்தேகம் இல்லை. சோதனைக்கு முந்தின நாள் சட்டத்தைக் காலி செய்துவிட்டு மூவரும் நெடுஞ்சாலைக்குப் போனோம்.

"மூணாவது கியர்லயே போங்க மாமா. மிதிங்க."

"கத்துதே மாப்ளே."

"கத்தட்டும்."

"பாவம்டா அது."

"நாளைக்கு நீங்க கத்துறதுக்குப் பதிலா இன்னிக்கு அது கத்தட்டும்."

மிதித்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சாலையே தெரியாத அளவுக்குக் கரும்புகை கிளம்பியது. பிறகு மெலிந்தது, பிறகு இல்லவே இல்லை. மேட்டில் ஒரு சிமெண்ட் லாரியை முந்தினோம். அந்த டிரைவரைப் பார்த்து இவர் மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைத் தூக்கினார். வீடு திரும்பும் வழியில் விளக்கு அணைந்தது. மறுநாள் சோதனையில் வண்டி தேறியது.

கடை திறந்திருக்கிறது. வாரம் ஒரு தடவை வெறும் வண்டியோடு நெடுஞ்சாலைக்குப் போய் வருகிறார். தனியாகப் போகப் பயம், அதனால் நானும் கூட உட்காருகிறேன். கிளம்பும்போது இருவரும் சாமி கும்பிட்டுக்கொள்கிறோம். வேகம் எடுக்கும் முன், "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ" என்பார். நான் மூடுவதில்லை. அவர் மூடிவிடக் கூடாதே என்று அவரையே பார்த்துக்கொண்டு வருகிறேன்.