செவ்வாய்க்கிழமைக்கு ஆள் பிடித்த லோரெட்டா

வெண்டெல் ஃப்ரீஸன் வேலையில் சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலை, அவரை வரவேற்க எங்கள் தளத்தில் மூன்றே பேர்தான் இருந்தோம். லோரெட்டா, நான், காப்பி மெஷினைப் பழுது பார்க்க வந்த ஆள். வெண்டெல் நேராக மெஷின்காரரிடம் போய்க் கை கொடுத்து, "நீங்கதான் என் மேனேஜரா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த ஸ்பேனரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "இல்லீங்க, ஆனா ஆகச் சொன்னா ஆயிடுறேன்" என்றார்.

மேனேஜர் கிரஹாம் டீஸ்டேல் கிம்லி ஏரிக்கரையில் தன் வீட்டில் இருந்தார். வெண்டெலுக்கு வாங்கிய லேப்டாப் ஸ்டைன்பாக்கில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கூரியரில் போய்க்கொண்டிருந்தது. அவரோ அதே ஸ்டைன்பாக்கிலிருந்து பனிச்சாலையில் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டி வின்னிபெக் நகரத்து ஆபீஸுக்கு, எங்களிடம் வந்துவிட்டார். லேப்டாப்பும் அவரும் வழியில் ஒருவரையொருவர் கடந்து போயிருக்கலாம்.

லோரெட்டா மருஷ்சாக் எனக்கு நெடுநாள் சிநேகிதி. பயிர்க் காப்பீடு செய்யும் எங்கள் நிறுவனத்தில் தபால் பிரிவில் பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். முதல் நாள் யாரும் பேசாததால் மதியம் வரை கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாளாம். பின்னாளில் புதியவர்களை அமர்த்திவைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தபோது, அதை அப்படி ஒரு பிடிவாதத்தோடு பார்த்தாள். அப்போது அது சுலபமான வேலையும்கூட. வந்தவரை நல்ல ஆள் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும், பக்கத்து நாற்காலியே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

தொற்றுக்காலத்துக்குப் பிறகு நிறுவனம் மூன்று தளங்களில் இரண்டைக் கைவிட்டது. யாருக்கும் சொந்த மேஜை இல்லை. போனில் ஓர் ஆப் வழியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ். எந்த நாள் என்பதை ஒவ்வொரு பிரிவும் தன் இஷ்டப்படி முடிவு செய்துகொள்ளும். அதற்குப் பிறகு லோரெட்டாவின் வேலை, விருந்தாளி வந்து பந்தியில் உட்கார்ந்தபின் கல்யாண வீட்டாரைத் தேடி அலைவதுபோல ஆகிவிட்டது.

அன்று அவள் கிரஹாமைப் போனில் பிடித்தாள்.

"கிரஹாம், உன் ஆள் வந்து உக்காந்திருக்காரு. நீ எங்க?"

"இன்னிக்கேவா? எங்க டீம் வியாழக்கிழமைதானே வரும்."

"அப்ப அவருக்கு ஏன்ப்பா செவ்வாய், புதன்னு மெயில் போட்ட?"

"வியாழக்கிழமை மேஜை காலியில்லன்னு ஆப்ல காட்டுச்சு."

"அந்த ஆப்பைப் பாத்துக்கிறதே நான்தான்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிச்சிருக்குமா?"

"சரி சரி, கத்தாத. என் கதவு எப்பவும் திறந்தே இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு."

"இங்க உனக்குக் கதவே கிடையாது, கிரஹாம்."

வெண்டெல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். சின்ன ஊர் ஒன்றின் தானியக் கிடங்கை இளவயதிலிருந்து நடத்தி வந்தவர். அதை மூடிவிட்டதால் எங்களிடம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, யாருமில்லாத மேஜைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பார். கேள்வி இருந்தால் டைப் செய்து அனுப்புவார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும்.

லோரெட்டா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். அவருக்குத் துணையாக ஒருத்தியை ஏற்பாடு செய்தாள். அந்தப் பெண் அடுத்த நாளே நீண்ட விடுப்பில் போய்விட்டாள். வரவேற்பு விருந்து ஒன்று வைக்கச் சொல்லி கிரஹாமை நச்சரித்தாள். வைத்தார், திரையில். அவரவர் வீட்டில் அவரவர் சாப்பாட்டை மெல்ல, வெண்டெல் ஆபீஸில் தனியாக உட்கார்ந்து எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு தன் சாண்ட்விச்சைத் தின்றார். லோரெட்டா சமையலறைக்குப் போய் அலமாரிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து வெண்டெல் மதியச் சாப்பாட்டைக் காரிலேயே வைத்துக்கொண்டார். லோரெட்டா போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"மூக்கு விறைச்சு விழுந்துரும். உள்ள வாங்க, வெண்டெல்."

"உள்ளயும் தனியாத்தானே சாப்பிடணும்? இங்க ரேடியோவாவது பேசுது" என்று அவர் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

மார்ச் மாதம் தகராறு வெடித்தது. கார்மன் பக்கத்து விவசாயி ஒருவரின் குதிரில் கனோலா எண்ணெய் வித்து சூடேறிக் கெடத் தொடங்கியிருந்தது. வெண்டெல் கிரஹாமுக்கு எழுதினார்: "சோதிக்க ஆள் அனுப்பலாமா, இல்லை அவரையே அள்ளிக் காலி பண்ணச் சொல்லட்டுமா?" கட்டைவிரல் வந்தது. ஆள் வருவார் என்று வெண்டெல் புரிந்துகொண்டு விவசாயியைக் காத்திருக்கச் சொன்னார். எதுவானாலும் இவரே பார்த்துக்கொள்வார் என்று கிரஹாம் நினைத்துக்கொண்டார். யாரும் போகவில்லை. குதிர் முழுவதும் கருகியது. விவசாயி போனில் போட்ட சத்தம் என் மேஜை வரை கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, திரையில் மீட்டிங்.

"தெரியலைன்னா கேக்கணும், வெண்டெல்" என்றார் கிரஹாம், எல்லோர் முன்னாலும்.

பின்னால் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த லோரெட்டா, வெண்டெலின் தோளுக்கு மேலே குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டினாள். "அவர் கேட்டாரு. இதுவா அதுவான்னு கேட்டாரு. நீ விரலைக் காட்டின. எதுக்குப்பா அந்த விரல், இதுக்கா அதுக்கா?"

யாரோ ஒருவர் வீட்டில் நாய் குரைத்தது. மீட்டிங் முடிந்தது.

வெண்டெலுக்கு இது பிடிக்கவில்லை. "எனக்காக நீங்க சண்டைக்குப் போகாதீங்க. தப்பு என் மேலயும் இருக்கு, நான் போன் பண்ணியிருக்கணும். ஆனா நேர்ல முகத்தையே பாக்காத ஆளுக்கு எப்படிப் போன் பண்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கலாம்னு பாக்கறேன்."

"ஒரே ஒரு வாரம் பொறுங்க" என்றாள் லோரெட்டா. "ஒண்ணே ஒண்ணு."

அன்று மதியமே அவள் ஆப்பைத் திறந்து, கிரஹாமின் பிரிவு மேஜை பதிய முடியாதபடி வியாழக்கிழமையைப் பூட்டினாள். வரும் செவ்வாய்க்கிழமைக்கு வெண்டெலைச் சுற்றியுள்ள மேஜைகளை, கிரஹாம் உட்பட ஒவ்வொருவர் பெயரிலும் அவளே பதிவு செய்தாள். போன் அலற ஆரம்பித்தது.

"உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?" என்றார் கிரஹாம்.

"யாரும் குடுக்கல. வியாழக்கிழமை கார்ப்பெட் கழுவுறாங்க."

"எல்லா வியாழக்கிழமையுமா?"

"ரொம்ப அழுக்கு கார்ப்பெட், கிரஹாம்."

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். பனியை உதறிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். ஜோஸ்லின் என்பவள் குழந்தைக் காப்பகத்தில் நாள் மாற்றிக் கேட்கப் படாதபாடு பட்டிருந்தாள். அதை லோரெட்டாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "உங்க கோபம் அவர் மேல. அடி விழுந்தது எனக்கு." லோரெட்டா "மன்னிச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கிரஹாம் உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். வெண்டெல் எழுந்து நின்றார். கிரஹாமின் பார்வை மேலே, இன்னும் மேலே போனது.

"நீங்களா? நான் இத்தனை நாளா உங்க நெத்தியையும் கூரை விளக்கையும் மட்டுந்தான் பாத்திருக்கேன். யாரோ சின்னப் பையன்னு நெனச்சிட்டேன்."

"எனக்கும் ஒரு சந்தேகம்" என்றார் வெண்டெல். "எல்லாரும் ஏன் என்கிட்ட பேசும்போது மட்டும் கீழ பாத்தே பேசறாங்கன்னு."

ஜோஸ்லின் சிரித்துவிட்டாள். வந்து அவருடைய லேப்டாப்பின் மூடியைச் சற்றே முன்னால் சாய்த்தாள். "அடக் கடவுளே, இதை யாருமே உங்களுக்குச் சொல்லலையா?"

கார்மன் விஷயத்தை அன்று காலை ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். கிரஹாம் அந்த விவசாயியைக் கூப்பிட்டு, வெண்டெல் பக்கத்திலிருக்கும்போதே, "தப்பு எங்களோடது, முக்கியமா என்னோடது" என்றார். சொல்வதற்கு முன் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். அதன்பின் எல்லோரும் நகமும் சதையுமாக ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சாலை மோசமாகும் முன் போகவேண்டும் என்று மூன்று மணிக்கே தளம் காலி. ஆனால் வெண்டெல் அந்த வெள்ளிக்கிழமையும் வேலையிலிருந்து நிற்கவில்லை.

லோரெட்டாவை இயக்குநர் கூப்பிட்டு நன்றாக வாங்குவாங்கென்று வாங்கினார். வியாழக்கிழமையைத் திறந்துவிடச் சொன்னார். கொஞ்ச நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது: புதியவர் சேர்ந்த முதல் இரண்டு மாதம், அவரும் மேனேஜரும் ஒரே நாட்களில் ஆபீஸுக்கு வரவேண்டும். நல்ல விதிதான். இதை முன்மொழிந்தவர் கிரஹாம் டீஸ்டேல் என்று போட்டிருந்தது. லோரெட்டா அதைப் படித்துவிட்டு, தன் நாற்காலியை ஒரு முறை முழுதாகச் சுற்றினாள். "முன்மொழிஞ்சாராம்" என்றாள். அவ்வளவுதான்.

விதைப்புக் காலம் முடியும்போது வெண்டெல் அவள் மேஜைக்கு வந்தார்.

"இனிமே செவ்வாய் மட்டும் வரேன். மத்த நாள் வீட்லருந்து பாத்துக்கவா?"

"என்னது?" லோரெட்டாவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "உங்க பக்கத்துல நாலு பேரை உக்கார வைக்க நான் ஊரையே பகைச்சிருக்கேன். நீங்க வீட்டுக்குப் போறீங்களா?"

"அவங்கள இப்பத் தெரியுமே, லோரெட்டா. ஜோஸ்லின் குரலைக் கேட்டாலே எரிச்சல்ல இருக்காளா இல்லையான்னு சொல்லிருவேன். கிரஹாம் விரலைக் காட்டினா உடனே கூப்பிட்டுத் திட்டுறேன். தெரியாதவங்களோடதான் தூரத்துலருந்து வேலை பாக்க முடியாது. தெரிஞ்சவங்களோட முடியும்."

அவள் ஆப்பில் மாற்றிக் கொடுத்தாள், விசைகளைக் குத்திக் குத்தி. மதியம் அவளாகவே என் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் சொல்றது சரிதான்" என்றாள். "அதான் இன்னும் எரிச்சலா இருக்கு."