கட்டைவிரலில் ஏறிய ஊசி

கள்ளக்குறிச்சியில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டரம்மா பல் பார்க்கும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், கருவிகளை எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் அவற்றைக் கழுவி நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவேன். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பார்க்க ஆரோக்கியமாக இருப்பவரிடமும் கிருமி இருக்கலாம். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் முறை வந்தபோது கேட்கத்தான் ஆளில்லை.

அன்று சனிக்கிழமை. கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்திருந்தார். சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவர், நல்ல திடகாத்திரமான ஆள். டாக்டரம்மா மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டுத் தட்டில் வைத்தார். அதை மூடி அப்புறப்படுத்தத் தட்டை நகர்த்தினேன். அந்த நேரம் பார்த்து மலைக்காரருக்கு என்ன பயம் வந்ததோ, எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு என் கட்டைவிரலில் ஏறிவிட்டது.

வரவேற்பில் இருக்கும் பெண் ஓடிவந்து, "பிதுக்குக்கா, நல்லா பிதுக்கு! கெட்ட ரத்தம் வெளிய வரட்டும்" என்றாள். காத்திருந்த ஒருவர், "ஸ்பிரிட்ட ஊத்துங்க" என்றார். டாக்டரம்மா மட்டும்தான் உருப்படியாகப் பேசினார். "பிதுக்காத. குழாயத் தொறந்து சோப்பு போட்டுக் கழுவு. உடனே ஜி.எச்.சுக்குப் போ. அவருகிட்ட நான் பேசுறேன்."

பேசியிருக்கிறார். பல்லைப் பிடுங்கி முடித்ததும், நடந்ததைப் பக்குவமாகச் சொல்லி, ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். "அதுக்கின்னாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று வெளியே போனவர் நேராக பஸ் ஏறிவிட்டார். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு எவராவது டீ குடிப்பார்களா? அதை யோசிக்காமல் விட்டுவிட்டோமே என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அரசு மருத்துவமனையில் என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு விளக்கினார்கள். மஞ்சள்காமாலை பி வகைக்கு நான் ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தேன், அதனால் பயமில்லை. சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. எச்.ஐ.வி.க்கு மாத்திரையை உடனே தொடங்க வேண்டும், தாமதித்தால் பலன் குறையும். மலைக்காரருடைய ரத்தத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு மாதம் விழுங்க வேண்டும். முதல் மாத்திரையிலேயே குடல் வாய்க்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் தன் தம்பியிடம் மட்டும் சொன்னார். சாயங்காலம் எலவனாசூர்கோட்டையிலிருந்து அவருடைய அத்தை போன் செய்து, "இன்னாமே, உனக்கு எய்ட்ஸாமே?" என்றார்.

"இல்லீங்கத்தை, ஊசி குத்திடுச்சி. பாதுகாப்புக்கு மாத்திரை குடுத்திருக்காங்க."

"எதுக்கும் தட்டு டம்ளர தனியா வெச்சிக்கோ."

தட்டில் பரவாது, டம்ளரில் பரவாது, தொட்டால் பரவாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தனியாக ஒரு சோப்பும் வாங்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மலைக்காரர் கொடுத்திருந்த எண் அடிக்கவே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் பைக்கில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவதற்குள் மூன்று இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தேன். வெள்ளிமலையில் விசாரித்தால் அடுத்த ஊர் என்றார்கள். அங்கே கேட்டால் அதற்கும் அடுத்த ஊர் என்றார்கள். கடைசியில் ஒரு மரவள்ளிக் கொல்லையில் வீங்கிய கன்னத்தோடு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், அவ்வளவு பெரிய மனிதர், செடிகளுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவிதான் எதிரே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாங்க, எங்கூட்டுக்காரருக்கு வியாதின்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "வியாதி இருக்குன்னு நான் சொல்லலீங்க. இருக்கா இல்லையான்னு அவரப் பாத்தும் சொல்ல முடியாது, என்னப் பாத்தும் சொல்ல முடியாது. ரத்தம் பாத்தாதான் தெரியும். அது தெரியாம நான் மாத்திர முழுங்கி வாந்தி எடுத்துக்கினு கெடக்குறேன். என்னா வந்தாலும் அவருகிட்ட மட்டும் தனியா சொல்லுவாங்க, ஊருக்கு ஒண்ணும் தெரியாது. வரமாட்டேன்னா வரமாட்டேன்னு சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்."

செடிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வியாதிக்கு இல்லீங்க. இன்னொரு ஊசி போடுவாங்கன்னுதான் ஓடி வந்துட்டேன். எனக்கு ஊசின்னா ஆவாதுங்க."

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு கைல ஊசிய ஏத்திட்டு, உனக்கு ஊசின்னா ஆவாதா? நாளைக்கு மொத பஸ்ஸுல நீ வர. நானும் வரேன்." பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். அதுமட்டும் வயிற்றில் தங்கியது.

திங்கட்கிழமை வந்துவிட்டார்கள். ரத்தம் எடுக்கும்போது அவருடைய இன்னொரு கையை மனைவி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பரிசோதனை முடிந்ததும், என்னிடம் சொல்லலாமா என்று மருத்துவமனையில் அவரைக் கேட்டார்கள். அவரோ தானே வராந்தாவுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒண்ணும் இல்லையாங்க! நீங்க மாத்திரய வுட்ரலாமாம்!" என்று சத்தமாகச் சொன்னார். ரகசியம் காப்பதைப் பற்றி நான் மலை ஏறிப் போய்ப் பேசியதெல்லாம் வீண். கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மனைவி என் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

இப்போதெல்லாம் டாக்டரம்மா ஊசியை நோயாளியின் வாயிலிருந்து எடுத்தவுடன் தானே மூடி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தட்டைத் தள்ளச் சொல்கிறார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் வந்தவர் நைனார்பாளையத்துக் கடைக்காரர். நான் புதுக் கையுறையை மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, எங்களத் தொட அருவருப்பா?" என்றார்.

"உங்களுக்கும் சேத்துதாங்க போட்டுக்கிறேன். எங்கிட்ட இன்னா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அதைத் திறக்க வைக்க டாக்டரம்மா வெகுநேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.