கறுப்பு மணலில் மாயாமாளவகௌளை

போன ஜனவரியில், இங்கே அது நடுக்கோடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆக்லாந்தின் மேற்குக் கரையில், மணல் கறுப்பாக இருக்கும் கடற்கரைகளில் ஒன்று. தகனினியில் இருக்கும் என் ஃபிளாட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் டிரைவ். கடைசிப் பகுதி முழுக்கக் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. அலையில் மாட்டிக்கொள்பவர்களைக் காப்பாற்றும் வாலண்டியர்கள் அங்கே ஒரு சர்ஃப் கிளப் நடத்துகிறார்கள். அவர்களுடைய குடும்ப விழாவில் வாசிக்க எங்கள் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். போனோம், பட்டையைக் கிளப்பினோம். நடுவில் நான் மைக்கைப் பிடித்து செமத்தியாக ஒரு பல்பும் வாங்கினேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் கரூர்க்காரன். நீச்சல் தெரியாது. கடலை முதன்முதலில் பார்த்ததே காலேஜ் டூரில்தான். அப்படிப்பட்டவன் வாசிப்பது சர்ஃப் கிட்டார். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், வெயிட் பண்ணுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அறுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா கடற்கரையில் பிறந்த சரக்கு இது. பகலெல்லாம் பலகையில் நின்று அலையில் சறுக்கிய பசங்களுக்கு, சாயங்காலம் ஆடும்போதும் அந்த அலையே காதில் வேண்டியிருந்தது. கிட்டார்காரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். பெரும்பாலும் பாட்டு வரியே கிடையாது. ஆம்ப்ளிஃபையரோடு ஸ்பிரிங் வைத்த ஒரு பெட்டி. நாம் தட்டும் ஸ்வரம் அந்த ஸ்பிரிங்கில் ஓடி வெளியே வரும்போது, தண்ணீருக்குள் முங்கி எழுந்தது போல சொட்டச் சொட்ட நனைந்து வரும். ஒரே கம்பியை மேலும் கீழும் படபடவென்று அடிக்க வேண்டும். தடித்த கம்பியில் சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தால் அலை உடைவது மாதிரி இருக்கும். ஃபேஷனாக அது சில வருஷங்கள்தான் தாக்குப் பிடித்தது. ஆனால் அந்தச் சத்தம் சாகவே இல்லை. உளவாளிப் படங்களில் வந்தது, பின்னாள் ராக் பேண்டுகளில் வந்தது. பழைய தமிழ்ப் படங்களில் வில்லனின் கிளப்பில் டான்ஸ் நடக்கும்போது பின்னணியில் நடுங்கும் கிட்டார் இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரன்தான். எனக்குப் பைத்தியம் பிடித்ததே அந்த கிளப் டான்ஸ் கிட்டாரில்தான்.

பேண்டில் மூன்றே பேர். டிரம்ஸ் வாசிப்பவர் ஃபிஜி இந்தியர், எலக்ட்ரீஷியன். அவருடைய கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் பத்து வார்த்தை, அதில் பாதி கெட்ட வார்த்தை; எங்களோடு பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பாஸ் கிட்டார் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, ஹாஸ்பிட்டலில் நர்ஸ். பத்து வயதில் இங்கே வந்தவர். என்னைத் திட்டும்போது மட்டும் தமிழ் சுத்தமாக வரும். ஒடாஹுஹுவில் அண்ணன் வீட்டு கராஜ்தான் எங்கள் பிராக்டிஸ் கூடம்.

கிளப்பில் வயரிங் வேலைக்குப் போன அண்ணன் அங்கே கொளுத்திப் போட்டுவிட்டு வந்தார்: "உங்க விழாவுக்கு சர்ஃப் மியூசிக் இல்லையா? எங்க பேண்ட் அதுதான் வாசிக்குது." கிளப் கேப்டன் ஒரு பெண்மணி, தெளிவான ஆள். "ஒரு வாரம் முன்னாடி வந்து ரெண்டு பீஸ் வாசிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார்.

போனோம். கிளப் ஹாலில் நனைந்த துண்டும் சன்ஸ்க்ரீனும் கலந்த வாசனை. எங்கள் மூன்று பேரையும் பார்த்ததுமே, ஜன்னல் பக்கம் சர்ஃப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நரைத்த தாடிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்க பாலிவுட் பேண்டுதானே?"

"இல்ல சார், சர்ஃப்" என்றேன்.

சர்ஃப் கிட்டார் என்றதும் உலகமே முதலில் கேட்கும் ஒரு மெட்டு உண்டு. பெயர் வேண்டாம், கேட்டால் உங்களுக்கே தெரியும். அதை வாசித்தோம். மெட்டு வரை எல்லாம் ஓகே. நடுவில் நான் சொந்தமாக விளையாட வேண்டிய இடம் வந்தது. எனக்குத் தெரிந்த ராக் வித்தை எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். விரல் பறந்தது. ஹாலில் ஒருவர் தலைகூட ஆடவில்லை.

முடித்ததும் தாடிக்காரர் சொன்னார்: "வேகம் சூப்பர்ப்பா. ஆனா இது உங்க சரக்கு இல்லையே. உங்களோடத வாசிக்கலாமே?"

அவர் கெட்டவர் இல்லை, நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் வலித்தது. தாடியைத் தடவியபடி நின்ற அவரைக் கேப்டன் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு ரெண்டு மணி. அந்த நடுப்பகுதிய மட்டும் சரி பண்ணிட்டு வாங்க" என்றார்.

காரில் திரும்பும் வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். உங்க சரக்கு இல்லையாமே! அதெப்படிச் சொல்லலாம்! பின் சீட்டிலிருந்து அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"தம்பி, அந்தாள் சொன்னதை விடும். நீர் நடுவில வாசிச்சது மெட்டோட ஒட்டவே இல்லை. அது என்ன ராகம் எண்டு தெரியுமோ உமக்கு?"

"ராகமா? இது சர்ஃப் மியூசிக், அக்கா."

"விசரோ உமக்கு? மாயாமாளவகௌளை! சின்னனில சரளி வரிசை படிக்கேல்லையோ?"

எனக்குப் பொறி தட்டியது. கர்நாடக சங்கீத வகுப்பில் சேரும் எந்தக் குழந்தைக்கும் முதல் நாள் சொல்லித் தருவது அந்த ராகத்தில்தான். ச-விலிருந்து ஒட்டினாற்போல ரி, அங்கிருந்து க-வுக்கு ஒரே தாவல். அந்தத் தாவலில்தான் அந்த மெட்டின் உயிரே இருக்கிறது. ஏழு வயதில் அம்மா என்னையும் அந்த வகுப்பில் சேர்த்தார். மூன்றாம் வாரமே கிரிக்கெட் ஆட ஓடிவிட்டேன். ஓடிப்போன பாடம் பதினெட்டு வருஷம் கழித்து, பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டி, மோட்டர்வே டிராஃபிக்கில் வைத்து என்னைப் பிடித்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் கராஜில் சரளி வரிசை. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம்; அதே ஸ்வரங்கள்தான், ஒவ்வொரு காலமும் முந்தியதைப் போல இரட்டை வேகம். அக்கா தொடையில் தாளம் போட, நான் எலக்ட்ரிக் கிட்டாரில், ஸ்பிரிங் சொட்டச் சொட்ட ச-ரி-க-ம. மூன்றாம் காலத்துக்கு வந்தால் அது அப்படியே சர்ஃப் அடி! படபடவென்று அடிக்கத் தனிப் பயிற்சியே தேவையில்லை. அண்ணன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, "ப்ரோ, இத உங்க ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கா சொல்லித் தர்றாங்க? ரொம்ப டேஞ்சரான ஊருப்பா" என்றார். பக்கத்து வீட்டு சமோவா ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். சத்தத்துக்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தால், "அந்த வேகமானத திரும்ப வாசி" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

ஞாயிறு வந்தது. செருப்பில்லாமல் இறங்கினால் கறுப்பு மணல் காலைப் பொசுக்கும் வெயில். பத்திரமான இடமென்று வாலண்டியர்கள் நட்டிருந்த சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே ஜனம் குளித்துக்கொண்டிருந்தது. புல்வெளியில் சாசேஜ் சுடும் வரிசை, ஐஸ்க்ரீம் வண்டி, ஃபலாஃபல் வேன். மேடை என்பது ஒரு டிரெய்லர்.

அந்த மெட்டில்தான் ஆரம்பித்தோம். நடுப்பகுதி வந்தது. க-வுக்குத் தாவினேன். அங்கேயே நின்று அசைத்தேன், மறுபடி இறங்கி ரி-யைத் தொட்டு, மூன்றாம் காலத்தில் மேலே ஏறினேன். சாசேஜ் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நனைந்த சர்ஃப் சூட்டோடு பசங்க ஓடி வந்தார்கள். ஒரு பாட்டி தன் நாயைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். முடிந்தபோது வந்த விசில் இருக்கிறதே, அப்படி ஒன்றை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. தாடிக்காரர் முன்வரிசையில் இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

என் வாய் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மைக்கைப் பிடித்து, நேராகத் தாடிக்காரரைப் பார்த்து, "போன வாரம் எங்ககிட்ட, 'இது உங்க சரக்கு இல்ல'ன்னு சொன்னாங்க. ஃபிரெண்ட்ஸ், இது எங்க ராகம்! எங்க ஊர்க் குழந்தைங்க முதல்ல கத்துக்கிறதே இதுதான். கலிஃபோர்னியாக்காரங்க எங்ககிட்டேருந்து சுட்டுட்டாங்க. இன்னைக்கு நாங்க திருப்பி எடுத்துக்கிட்டோம்!" என்றேன்.

கூட்டம் ஓவென்று கத்தியது. நான் ஒரு மாநிலத்தையே ஜெயித்த மாதிரி நின்றேன். இன்னும் மூன்று பீஸ் வாசித்துவிட்டு பிரேக் விட்டோம்.

தண்ணீர் குடிக்க இறங்கியபோது ஃபலாஃபல் வேனிலிருந்து ஓர் அம்மா ஏப்ரனோடு நேராக என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். லெபனானிலிருந்து வந்து இங்கே பல வருஷமாகிறதாம்.

"நல்லா வாசிச்ச" என்றார். "ஒரு சந்தேகம். அந்த மெட்டு உங்க ஊரோடதா?"

"ஆமா மேடம், எங்க ராகம்."

"ஓ. அப்போ என் கல்யாணத்துல எங்க அப்பா அதுக்கு ஆடினாரே, அவர் உங்க வீட்டுலேருந்து திருடிட்டு வந்தாரா?"

நான் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"எங்க பக்கம், கிரீஸ், துருக்கி, எகிப்து எல்லா இடத்துலயும் அது பழைய பாட்டு. வார்த்தையோட பாடுவாங்க. எங்க பக்கத்து ஆளுங்கதான் அத அமெரிக்காவுக்குக் கொண்டு போனாங்க. இந்த ஊர்ல அத யார் வாசிச்சாலும் சினிமா மியூசிக்னு சொல்றாங்க. இன்னைக்கு நீ அந்த வளைவு வளைச்சு வாசிச்சப்போ, முதல் தடவையா ஒருத்தனுக்கு இது தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அடுப்ப அணைச்சிட்டு வெளிய ஓடி வந்தேன். நீ மைக்கப் பிடிச்சு உன்னுதுன்னுட்ட."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வரிசை சேர்ந்துவிட்டதென்று வேனுக்குத் திரும்பிவிட்டார். ஒரு வாரம் என்னைத் தூங்கவிடாத அதே வார்த்தையை நானே, மைக் வைத்து, முழுக் கடற்கரைக்கும் கேட்கும்படி இன்னொருத்தருக்குச் சொல்லியிருக்கிறேன். தாடிக்காரராவது ஹாலுக்குள் சொன்னார்.

அக்காவைப் பார்த்தேன். "நீங்கதானே மாயாமாளவகௌளைன்னு சொன்னீங்க" என்று முனகினேன்.

"ஓம். ராகத்தின்ர பேரைத்தான் சொன்னனான். உம்மட சொத்து எண்டு நான் சொல்லேல்லை."

"சரி, ஷோ முடிஞ்சதும் வேனுக்குப் போய் சாரி கேட்டுடறேன்" என்றேன்.

அண்ணன் டிரம் குச்சியால் என் தோளில் தட்டினார். "வேனுக்குப் போயி? ப்ரோ, மைக்குல சொன்னத மைக்குலதான் திருப்பணும்."

இப்போதுதான் இவ்வளவு பேர் எங்களைக் கொண்டாடினார்கள். இனி மேலே போய் 'நான் சொன்னது தப்பு' என்றால் அந்தக் கெத்து என்ன ஆகும்? தாடிக்காரர் முன்னால் வேறு! டிரெய்லரில் ஏறும்போது கால் தடுக்கி ஆம்ப்ளிஃபையரில் இடித்தேன். உள்ளே ஸ்பிரிங் அதிர்ந்து இடி இடித்தது போல ஒரு சத்தம். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். தப்பிக்க வழியில்லை.

"கொஞ்ச நேரம் முன்னாடி நான் ஒண்ணு உளறினேன்" என்றேன். "அந்த மெட்ட யாரும் எங்ககிட்டேருந்து சுடல. அது மத்தியதரைக் கடல் பக்கத்துப் பாட்டு. அந்தப் பக்கத்துப் பாட்டுங்களக் கேட்டு வளர்ந்தவங்கதான் அத கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனாங்க. அந்த ஸ்வரங்கள் எங்க ஊர்லயும் இருக்கு, அதனாலதான் என் விரலுக்குப் பிடிபட்டது. அவ்வளவுதான் எனக்குச் சொந்தம். ஃபலாஃபல் வேன்ல இருக்கிற மேடத்தோட கல்யாணத்துல அவங்க அப்பா இதுக்குத்தான் ஆடினாராம். மேடம், நீங்க வந்தாதான் திரும்ப வாசிப்போம்."

வேனிலிருந்து ஒரு குரல்: "யார் என் வரிசையப் பார்த்துக்குவா?"

"நான் பார்த்துக்கறேன்!" என்று கத்தியபடி எழுந்து ஓடியவர் யார் தெரியுமா? தாடிக்காரர்.

அந்த அம்மா டிரெய்லரில் ஏறினார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நான் மெதுவாக, முதல் காலத்தில் எடுத்தேன். அவர் கைதட்டித் தாளம் பிடித்தார். பிறகு கண்ணை மூடி, அதன் வார்த்தைகளோடு பாடினார். அங்கிருந்த யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரைக்கு வந்து நின்றார்கள். இரண்டாம் காலத்தில் டிரம்ஸ் சேர்ந்தது. மூன்றாம் காலத்தில் ஸ்பிரிங் பெட்டியின் குமிழை முழுசாகத் திருகிவிட்டேன். கரூர், யாழ்ப்பாணம், ஃபிஜி, லெபனான், எல்லாம் ஒரு டிரெய்லரில். எதிரே கறுப்பு மணல் முழுக்க ஆட்டம். என் முறை வந்தபோது அந்த அம்மா பாடுவதை நிறுத்தி, நான் க-வில் வளைப்பதைக் காது கொடுத்துக் கேட்டு, "அதுதான்!" என்று தலையை ஆட்டினார். எந்த விசிலையும் அதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

கிளம்பும்போது கேப்டன் வந்து, "அடுத்த வருஷமும் நீங்கதான். நாலு பேரா வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு பக்குரங்காவில், நகரத்தில், இன்னும் சில இடங்களில் வாசித்துவிட்டோம். வாய் இன்னும் நீளம்தான், பந்தாவும் குறையவில்லை. ஆனால் எந்த மேடையிலும் அந்த மெட்டை எடுக்கும் முன் அது யார் யார் வீட்டு வழியாக நடந்து என் விரலுக்கு வந்தது என்று ஒரு நிமிஷம் சொல்லிவிட்டுத்தான் கம்பியைத் தொடுகிறேன்; அந்தப் பட்டியல் நீள நீள, கடைசி ஆளாக அதில் நானும் நிற்கிறேன் என்கிற பெருமை எனக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது.