மடைப்பெட்டி ஏற்ற பிள்ளை

சூர் நகரத்துப் பள்ளிக்கூட வாசலில் என் மகளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வகுப்பு விட்டதும் காவலாளி ஒலிவாங்கியைக் கையில் எடுப்பார். கம்பி வாசலுக்கு வெளியே யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு கூப்பிடுவார்: "பின்த் ரவி." ரவியின் மகள். அனுஜா புத்தகப்பையை இழுத்துக்கொண்டு வருவாள். என் மனைவி ஸ்ரீஜா கூட்டிப்போக வரும் நாட்களிலும் அதே கூப்பாடுதான். ஸ்ரீஜா இந்த ஊர் மருத்துவமனையில் தாதி. அந்தக் காவலாளிக்கே ஊசி போட்டிருக்கிறாள். இருந்தாலும் பிள்ளை ரவியினுடையது.

ஓமானின் கிழக்கு ஓரத்தில், கடல் உள்ளே புகுந்து வளையும் இடத்தில் சூர் இருக்கிறது. இங்கே ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் மட்டக்களப்பில் ஒரு தமிழ் நாளிதழின் பிரதேச நிருபராக இருந்தேன். செய்திக்கு யார், எங்கே, எப்போது என்று கேட்கப் பழக்கினார்கள். எங்கள் ஆரையம்பதியில் அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு: என்ன குடி? வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குடி என்பது எங்கள் பக்கத்தில் தாய் வழி வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. தகப்பனின் குடி அவர் தாயிடமிருந்து அவருக்கு வந்தது, அவரோடேயே முடிந்துவிடும். கோயிலில் எந்த நாள் யாருக்கு, எந்த வேலை யாருக்கு என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

சூருக்கு வந்த புதிதில் வீட்டுக்காரர் சுலைமான் என்னைக் காப்பிக்கு அழைத்தார். தரையில் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்தோம். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஹிந்தியில் பேச்சு நடந்தது. நான் என்ன கபீலா, எந்தக் குலம் என்று கேட்டார். எனக்கு இது ஊர்க் கேள்வி. யோசிக்காமல் எங்கள் குடியின் பெயரைச் சொன்னேன்.

"உன் தகப்பனாரின் குலமா?"

"இல்லை, அம்மாவுடையது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தகப்பனார் எப்போது காலமானார்?"

"அவர் இருக்கிறார். நன்றாக இருக்கிறார்."

சுலைமான் அல்வாத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு எங்கள் வீட்டுக்கு மீனும் பழமும் வந்துகொண்டே இருந்தன. தெருவில் பெரியவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடிய ஒருவரின் மகனாக என்னைத் தெரு முழுவதும் தெரிந்து வைத்திருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. ஒருநாள் அப்பா தொலைபேசியில் முகம் காட்டினார். அவரைச் சுலைமானிடம் கொடுத்தேன். பின்னால் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சுலைமான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே வீட்டில் இருக்கிறார்களே" என்றார். ஓம் என்றேன். "அப்படியானால் அவர் என்ன தவறு செய்தார்?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்த அல்வாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஊரான காத்தான்குடிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கிக்கொண்டிருக்கும் மஸ்கட் இனிப்பின் உறவுக்காரர் இவர். நெய்யும் பிசுபிசுப்பும் அதேதான், ஏலக்காயும் பன்னீரும் மட்டும் இங்கே கூட. எங்கள் ஊரில் அந்த இனிப்புக்கு உங்கள் தலைநகரின் பெயர் என்று சொன்னபோது சுலைமான் ஆச்சரியப்படவில்லை. அவருடைய வீடே அப்படிப்பட்டது. வாசல் கதவு கோழிக்கோட்டுத் தேக்கு. பழைய அறையின் கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கண்ணா மரக் கம்புகள். மட்டக்களப்பு வாவியில் இறால்கள் ஒளிந்துகொள்ளும் வேர்க்காட்டு மரத்தின் வகை அது. சான்சிபாரில் இருக்கும் மச்சானோடு அவர் சுவாகிலியில் பேசுவார். அவருடைய பாட்டனாரின் காலத்தில் சூரிலிருந்து பாய்க்கப்பல்கள் பேரீச்சம்பழமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலபாருக்கும் இலங்கைக்கும் போயின. மரமும் அரிசியும் தென்னங்கயிறும் ஏற்றிக்கொண்டு திரும்பின. காற்றுத் திரும்பும் வரை மாதக்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் சிலர் கலியாணம் கட்டினார்கள். சுலைமானின் பாட்டி ஒருவர் அப்படி வந்த மலபார்ப் பெண். ஸ்ரீஜா கோழிக்கோட்டுப் பக்கத்துப் பேப்பூர்க்காரி என்று அறிந்த நாளிலிருந்து அவளிடம் அவர் வாடகைப் பேச்சே எடுப்பதில்லை, என்னிடம்தான் எடுப்பார்.

அந்தக் கப்பல்காரர்கள் எங்கள் கரைக்கும் வந்திருக்கிறார்கள். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் ஒரு தெருதான். காத்தான்குடி முஸ்லிம்களுக்கும் குடி உண்டு, அதுவும் தாய் வழி. எங்கள் குடியின் பெயரே அங்கும் ஒரு குடிக்கு இருக்கிறது. மஸ்கட் விற்கும் கடைக்காரரும் நானும் அந்தக் கணக்கில் சகோதரர்கள். கடலால் வந்த அராபிய ஆண்கள் இங்கே பெண் எடுத்தார்கள், பிள்ளைகள் தாயின் குடியில் சேர்ந்தார்கள் என்றுதான் இரண்டு பக்கத்திலும் கதை சொல்வார்கள். வந்தவனின் குலம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இதை ஊர்ப் பெருமையாகப் பல இடங்களில் சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்தக் கணக்குக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதைக் கடந்த கோடை விடுமுறை வரை நான் யோசித்திருக்கவில்லை.

எங்கள் அம்மன் கோயில் சடங்கில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாளில் குடியின் வீடொன்றிலிருந்து மடைப்பெட்டி போகும். ஓலைப்பெட்டிக்குள் அரிசி, தேங்காய், பழம், வெற்றிலை, பூ. அதைத் தலையில் சுமந்து குடிப் பெண்கள் நடப்பார்கள். மேலே வெள்ளைத் துணியை மேலாப்பாகப் பிடித்துக்கொண்டு ஆண்கள் போவார்கள். கோயில் வாசலோடு குடியின் வேலை முடிந்துவிடும். வாசலில் வேறு குடிப் பெண் ஒருத்தி நின்று பெட்டியை ஏற்று உள்ளே கொண்டுபோவாள். நான் சிறுவனாக இருந்தபோது அம்மாவிடமிருந்து பெட்டியை ஏற்றவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. இருவருக்கும் வேலியால் சண்டை. வருடம் முழுவதும் பேசாதவர்கள் அந்த இடத்தில் கண்ணுக்குக் கண் பார்த்துப் பெட்டியைக் கைமாற்றுவார்கள். அடுத்த நாள் மறுபடி பேச்சு நின்றுவிடும்.

இதையெல்லாம் அனுஜாவுக்குக் கதையாகச் சொன்னது என் வேலை. அவள் அதைக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. சூரில் எங்கள் மாடிக் கூடத்தில் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினாள். முதலில் வெறும் பெட்டி, பிறகு உள்ளே புத்தகங்கள். கைகளை விட்டு நடக்க வந்த நாளில் கீழே போய்ச் சுலைமானுக்கு நடந்து காட்டினாள். அவர் அதைப் படம்பிடித்துச் சான்சிபாருக்கு அனுப்பினார். நாங்கள் புறப்படும்போது தன் தோட்டத்துப் பழத்தால் அதே பெட்டியை நிரப்பி, "உங்கள் கோயிலுக்கு" என்று கொடுத்தார்.

ஊரில் போய் இறங்கிய அடுத்த நாள் பின்னேரம், எங்கள் குடியின் வண்ணக்கர் வீட்டுக்கு வந்தார். வண்ணக்கர் என்றால் கோயிலில் குடியின் பொறுப்பாளர். அம்மாவுக்குத் தம்பி முறை, எனக்கு மாமா. இந்த முறை மடைப்பெட்டி எங்கள் வீட்டிலிருந்து போவதாக இருந்தது. அனுஜா அவர் முன்னால் பழப்பெட்டியைத் தலையில் வைத்து ஒரு சுற்று நடந்தாள்.

"நல்லா நடக்கா," என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா தம்பி, பெட்டி எடுக்கிறது குடிப் பிள்ளையள் எல்லவா? இது உன்ட பிள்ள. நம்மட குடிக்கு வராதே."

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். தவமணி அக்காவுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். "என்ன மாமா கதைக்கிறீங்க? பிள்ள அங்க இருந்து இதுக்கெண்டே வந்திருக்கா."

"நான் என்னகா செய்யிற? இண்டைக்கு நான் விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." மாமா ஸ்ரீஜாவைப் பார்த்தார். "பிள்ள, உங்கட ஊருல குடி எண்டு ஒண்டும் இல்லையா?"

ஸ்ரீஜா தன் மலையாளத் தமிழில், "குடி இல்ல மாமா. தறவாடு உண்டு. பண்டு எல்லாம் அம்மை வழியாத்தான்" என்றாள்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மறுகா என்ன, அது குடிதானே. பாத்தியா தவமணி, பிள்ளைக்குக் குடி இருக்கு. நல்ல குடி. நம்மட இல்ல, அவ்வளவுதான்."

ஒருவர் இவ்வளவு மகிழ்ச்சியோடு இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கடலால் வந்தவனுக்கு இடம் கொடுத்த அதே கணக்கு, கடலால் போனவனின் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. பிழை சொல்லவும் இடமில்லை, கணக்குச் சரிதான். அனுஜா பெட்டியைத் தலையிலிருந்து இறக்கவில்லை. "அப்ப நான் ஆர்ர ஆள் அப்பா?" என்று கேட்டாள். சூரில் அவளுக்குத் தான் யாருடைய பிள்ளை என்ற சந்தேகம் வந்ததே இல்லை. அங்கே ஒலிபெருக்கியில் சொல்லுகிறார்கள். ஸ்ரீஜா அவளுடைய தலையிலிருந்த பெட்டியை எடுக்கப் போனாள். பிள்ளை கொடுக்கவில்லை.

அக்கா மாமாவின் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாமா, இவ நம்மட குடி இல்ல."

"இல்ல."

"அப்ப வேற குடி."

"ஓம். அதத்தானே நானும் சொல்லுறன்."

"வாசல்ல நிண்டு பெட்டி ஏற்கிறது ஆரு?"

மாமா வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து, வாய்க்குள் வைத்தார்.

"வழமையா ஏற்கிறவங்கட குடியில கேக்கணுமே," என்றார் கடைசியாக.

"கேளுங்க. போன் இருக்குத்தானே."

அந்தக் குடியின் வண்ணக்கரை மாமா அங்கிருந்தபடியே அழைத்தார். விசயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னார். மறுபக்கச் சிரிப்பு எங்களுக்கே கேட்டது. "மச்சான், இது தவமணியிட மூளையா? அவள வண்ணக்கராப் போட்டுட்டு நீ வீட்ட இரு." சம்மதம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. அன்றைய பஞ்சாமிர்தத்துக்குப் பிள்ளை கொண்டுவந்த பேரீச்சம்பழம்தான் போட வேண்டும். மாமா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "எப்பவும் போடுறது அந்தப் பக்கத்துப் பழம்தானே," என்றார், தானே கண்டுபிடித்ததுபோல. உண்மைதான். எங்கள் அம்மனுக்கு வளைகுடாவைத் தெரியாமல் இருந்த காலம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

அனுஜாவுக்கு மட்டும் ஒரு விளக்கம் தேவைப்பட்டது. "வீட்டில இருந்து எடுக்கிறதா, வாசல்ல இருந்து எடுக்கிறதா பெரிசு?"

"வாசல்ல இருந்துதான் மகள்," என்றாள் அக்கா. "நாங்க எல்லாரும் அவடத்தயோட நிண்டிருவம். அம்மாளிட்ட போறது நீதான்."

எங்கள் நாளில் பறை முன்னே போயிற்று. மடைப்பெட்டியை அக்கா சுமந்தாள். மேலாப்பின் ஒரு மூலை என் கையில். வாவிப் பக்கத்திலிருந்து வந்த காற்றில் துணி பாய்போலப் புடைத்து என்னை இழுத்தது. முன்னால் நடந்த மாமா திரும்பிப் பார்த்து, "தம்பி, கப்பல் ஓட்டாம நேரே வா" என்றார். கோயில் வாசலுக்கு உள்ளே அனுஜா நின்றாள். அக்காவின் பழைய பட்டுப் பாவாடை, ஸ்ரீஜா வைத்துவிட்ட மல்லிகை. எங்கள் குடி முழுவதும் வெளியே, அவள் ஒருத்தி உள்ளே. அக்கா குனிந்தாள், அவள் எம்பினாள். பெட்டி ஒருகணம் இரண்டு பேர் கையிலும் இருந்தது. பிறகு அது அவளுடைய தலையில் இருந்தது. அவள் திரும்பி நடந்தாள், சூரின் மாடிக் கூடத்தில் நடந்ததுபோலவே, இரண்டு கையையும் விட்டு. "கையப் புடி, கையப் புடி" என்று வெளியிலிருந்து பலர் கத்தினார்கள். ஸ்ரீஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுஜா பிடிக்கவில்லை, பெட்டியும் விழவில்லை.

சூருக்குத் திரும்பியதும் சுலைமான் முதலில் கேட்டது, பிள்ளையை எந்தக் குலத்தில் சேர்த்தார்கள் என்பதைத்தான். எங்கள் குலத்தில் சேர்க்கவில்லை, அதனால்தான் உள்ளே விட்டார்கள் என்றேன். அவர் மறுபடியும் அல்வாத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

பள்ளி தொடங்கிய நாளில் நான்தான் கூட்டிவரப் போனேன். வெயில் வாசல் கம்பிகளில் கொதித்துக்கொண்டிருந்தது. காவலாளி என்னைக் கண்டதும் ஒலிவாங்கியை எடுத்தார். "பின்த் ரவி." வகுப்புக் கட்டடத்திலிருந்து அனுஜா வந்தாள். இந்த முறை பையை இழுக்கவில்லை. தலையில் வைத்து, கைகளை விட்டு, நிமிர்ந்து முற்றத்தைக் கடந்து வந்தாள். காவலாளி கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வாசலில் வந்து நின்றாள். வெளியே வரவில்லை, பையையும் இறக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தாள்.

ஏற்கிறவர் வேறு குடியாக இருக்க வேண்டும். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன்.